சின்ன வண்டியின் கூம்பு

பந்தயத் திடலில் அவரைக் கூம்பண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. மற்ற நாட்களில் டயர் கடையில் வேலை. பைக் பத்திரிகைக்காரர்கள் வண்டிகளைச் சோதிக்க வரும் நாளில் மட்டும் இங்கே வருவார். ஓட்டுபவர் எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டுமோ, அங்கே ரப்பர் கூம்பு வைப்பார். ஓட்டுபவர் அவர் மனைவி. அதுதான் சங்கடம்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சோதனையின்போதும் மனிதர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். "போதும், விட்டுடு" என்று சொல்ல மட்டும் தைரியம் வராது. சொன்னால் அவள் பார்க்கும் பார்வையை யார் தாங்குவது? அப்படியிருக்க, போன மாதம் கண் மருத்துவர் அவளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இன்று காலை ஷூவை மாட்டிக்கொண்டே அவளே சொன்னாள்.

"இன்னைக்கு என் கண்ணு ஒரு இடத்துல ஏமாத்துனாலும் சரி, இத்தோட விட்டுடறேன். வேற யாராவது ஓட்டட்டும்."

"ம்" என்று மட்டும் சொன்னார். உள்ளுக்குள் துள்ளிய துள்ளலை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

இன்றைய சோதனை, ஒரே வளைவில் சின்ன வண்டி எப்படி நிற்கிறது, திரும்புகிறது, பெரிய வண்டி எப்படி என்று பார்ப்பது. முதலில் சின்ன வண்டி. நேர்பாதையில் அதற்கு அத்தனை வேகம் கிடையாது. அதனால் வளைவுக்கு மிக அருகில் கூம்பு வைத்தால் போதும். கூம்பு வந்ததும் பிரேக்கைத் தொட்டாள், முழங்கால் தரையை உரசச் சாய்த்தாள், வேகத்தை அதிகம் விடாமலே வளைந்து போய்விட்டாள். பெரிய வண்டி கூட இந்த வளைவில் இவ்வளவு வேகமாகத் திரும்பாது என்றார் பத்திரிகை ஆசிரியர்.

கூம்பண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சார், எப்படிச் சாய்ச்சா! நம்ம வீட்டுக்காரி சார்!" புகைப்படக்காரரிடம் ஒருமுறை, தண்ணீர் கொண்டுவந்தவரிடம் ஒருமுறை, ஆசிரியரிடமே மறுபடியும் ஒருமுறை. பெருமை அடித்த சூட்டில் தலைகால் புரியவில்லை. பெரிய வண்டி உறுமியபடி நேர்பாதையில் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கூம்பை அவர் நகர்த்தவே இல்லை.

பெரிய வண்டி அந்த இடத்துக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வரும். எடையும் அதிகம். வெகு தூரத்துக்கு முன்பே பிடித்தால்தான் நிற்கும். ஆனால் கூம்புக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டால் சோதனையின் அளவு செல்லாது. அவள் தொடமாட்டாள். கையை ஆட்டிக்கொண்டு ஓடினார், கத்தினார். இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

கூம்பு வரை வந்து பிடித்தாள். பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. திருப்ப வழியில்லை என்று தெரிந்ததும் வண்டியைச் சாய்க்காமல் நேராக விட்டாள். பாதையைத் தாண்டி மணல்பரப்பில் சரசரவென்று இறங்கி, புதைந்து, மெதுவாக ஒரு பக்கமாகப் படுத்தது வண்டி. அவள் எழுந்து நின்று கைகளை உதறினாள்.

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. ஓடிப்போய் தோள், முழங்கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றியவளின் முகம் செத்திருந்தது.

"கண்ணு போச்சுங்க. வண்டி என்ன வேகத்துல வருது, வளைவு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கணக்கே பிடிபடல. அவ்ளோதான். ஆசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சும்மா இருந்தால் போதும். கூம்பைக் காலால் தள்ளிவிட்டால் கேட்க ஆளில்லை. இனி ஆயுசுக்கும் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அது சின்ன வண்டியோட கூம்பு. நான் மாத்தல. உன்னப் பத்திப் பெருமை பேசிக்கிட்டே மறந்துட்டேன்."

அவள் கூம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சட்டென்று மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை பாதியிலேயே சிரிப்பானது.

"பாவி மனுஷா! நான் கிழவியாயிட்டேன்னு நெனச்சு ஒரு நிமிஷம் செத்தே போனேனே!" என்று கையில் கிடைத்த க்ளவுஸால் அவர் தோளில் நாலு சாத்து சாத்தினாள். அடி வாங்க அவருக்கு அத்தனை இன்பமாக இருந்தது.

அப்புறம் அவள் கை நின்றது. "நான் விட்டுடணும்னுதானே உங்களுக்கு ஆசை? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பேசாம இருந்திருந்தா இன்னையோட விட்டிருப்பேனே."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"சொல்லாம, ராத்திரி உன் பக்கத்துல எப்படிப் படுக்கறது?"

அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபக்கம் பிடித்தார்.