மேடையில் யாருமில்லை

“குதிங்க சார். நுனிக்கால்ல வேணாம், மொத்த உடம்பையும் தூக்கிப் போடுங்க. பூமிக்குத் தெரியணும்ல?”

பூகம்பத்தார் அதட்டினால் பெரிய பெரிய அதிகாரிகளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிப்பார்கள். தாவரவியல் பூங்காவின் பூமிக்கூடத்தில் ஒரு மரமேடை. அதில் குதித்தால், எதிரே உருளும் காகிதத்தில் ஒரு முள் கோணல்மாணலாகக் கிறுக்கும். நில அதிர்வை அளக்கும் பொறி அது. பதினோரு வருடமாக அதற்குக் காவலர், விளக்கவுரையாளர், வைத்தியர் எல்லாம் அவரே.

ஆட்களை அவர் எடைபோடுவது கிறுக்கலை வைத்துத்தான். “இவர் வீட்டுல வாயே திறக்க மாட்டார்” என்பார், ஓர் ஒல்லிக் கோட்டைப் பார்த்து. கணவனும் மனைவியும் அடுத்தடுத்துக் குதித்தால் யார் கோடு உயரம் என்று அறிவித்து, நன்றாயிருந்த குடும்பத்தில் புகையைக் கிளப்பிவிடுவார். முடிவில் பாடம்: “தரை ஆடினா ஓடாதீங்க. மேசைக்கு அடியில பூந்துக்குங்க.” தினம் நாற்பது தடவை. வீட்டிலும் விடுவதில்லை.

மனைவி அதே பூங்காவில், கண்ணாடிக்கூடத்துப் பெரணிச் செடிகளைப் பராமரிப்பவள். “விட்டா கட்டில வித்துட்டு மேசைக்கு அடியில படுக்கச் சொல்வார்” என்று சக ஊழியர்களிடம் மானத்தை வாங்குவாள்.

பொறிக்கு ஒரு வியாதி உண்டு. வெளியே புல்வெளியில் உருளை வண்டி போனாலே முள் துள்ளும். அவரிடம் கைமருந்து இருந்தது: பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, திரும்பச் செருகு.

போன புதன்கிழமை, காலை பதினொரு மணி. மேடையில் ஈ காக்கை இல்லை. முள் துள்ளியது.

“ஆரம்பிச்சிட்டியா?” என்று பிளக்கைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் சுவரிலிருந்த எரிமலைப் படம் விழுந்தது. “யாருய்யா அங்க வண்டி ஓட்டுறது?” என்று கத்தினார். ஆறில் மேடையே நகர்ந்து வந்து அவர் முழங்காலில் இடித்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு தேக்கு மேசை. அடியில் ஒரு கல்யாணக் கூட்டமே ஒளியலாம். பூகம்பத்தார் பிளக்கும் கையுமாக நின்று ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். பத்தில் கண்ணாடிக்கூடம் உடையும் சத்தம் கேட்டது.

அங்கே இருபது பார்வையாளர்கள். அவளும்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கூரை இருந்த இடத்தில் வெறும் இரும்புச் சட்டம். அதன் வழியே வானம் வெட்கமில்லாமல் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தார். பதினோரு வருடம் ஓயாத வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

தொட்டி மாற்றும் நீள மேசைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்தார்கள், தலையெல்லாம் மண்ணும் சருகுமாக. கடைசியாக அவள். நெற்றியில் ஒரு கீறல், கைகளில் முழங்கை வரை தோட்டத்துக் கையுறை.

“பத்தொம்பது, இருபது. சரியா இருக்கு. ஒருத்தர் குனிய மாட்டேன்னு ஒரே அடம், பிடிச்சு உள்ள திணிச்சேன்” என்றவள் அவரைப் பார்த்தாள். “ஏங்க, நீங்க உள்ள பூந்துக்கிட்டீங்கல்ல?”

“இல்ல.”

“அங்கதான் மேசை இருக்கே?”

“இருக்கு.”

“அப்புறம்?”

“பத்து எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

திணிக்கப்பட்டவர் சருகைத் தட்டியபடி நெருங்கினார். “சார், உங்க பொறியில இது பதிஞ்சிருக்குமே. எவ்வளவு காட்டிச்சு?”

நிஜமான ஒரே ஒரு பூகம்பம், அதுவும் வீடு தேடி வந்தது. அது வந்த நேரத்தில் பிளக் அவர் கையில் இருந்தது.

“அதெல்லாம் அப்புறம்” என்றாள் அவள். “திரும்பவும் ஆடும். எல்லாரும் புல்வெளிக்கு நடங்க.”

நடக்கப் போனவளின் கை பின்னால் இழுபட்டது. அவளுடைய கையுறையின் ஒரு விரல் நுனியை அவர் இறுகப் பற்றியிருந்தார்; விரல் எட்டாத வெற்று நுனி அது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கையை மட்டும் மெல்ல உருவிக்கொண்டு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனாள். அவர் கையுறையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றார்.