மெயினை அணைத்த பிறகும் ஏறிய வோல்டேஜ்

மாடியில் குடியிருந்த தையல்காரிக்கு வாய் நீளம் என்று கட்டடமே சொல்லும். தையலில் ஒரு கோணல் கிடையாது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. புருஷன் போன பிறகு மகளின் கல்லூரிப் படிப்பு அந்த ஒற்றை அறையில்தான் ஓடியது. வாடிக்கையெல்லாம் அதே தெரு. அறை போனால் பிழைப்பும் போச்சு.

அந்த வாரம் அவள் வீட்டு பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்து, வெடித்தே போனது. கீழ்வீட்டு ஃபேனோ ஊர்ந்தது. போதாதா? "நம்ம கரண்டையும் சேத்து இழுக்குறா" என்று கீழ்வீட்டம்மா கிளப்பிவிட்டாள். தனியாக வாழும் பெண்ணின் மேல் பழிபோட ஆதாரம் எதற்கு? வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"உன் மீட்டர்ல மட்டும் செவப்பு லைட்டு மின்னுது. திருடாம மின்னுமா? மாசக் கடைசில காலி பண்ணிடும்மா."

"அது ஏன் மின்னுதுன்னு தெரியுமாண்ணே?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சார அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

"மீட்டர்ல வோல்டேஜ் எவ்வளவுக்கா காட்டுது?" என்றாள் எடுத்த பெண்.

"இருநூத்தி எழுவது."

"ஐயோ, ரொம்ப அதிகம். அந்த லைட்டு அதுக்குத்தான் எச்சரிக்குது. மெயினை அணைங்க. மீட்டர்ல கை வைக்காதீங்க. ஆள் அனுப்புறேன்."

அணைத்தாள். மெயினுக்கு முன்னாலேயே கம்பத்துக் கம்பி வந்து சேரும் மீட்டரில் எண் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"என் வீடே இருட்டு. இப்ப யாருண்ணே இழுக்கிறா?"

அவர் குனிந்து அந்த எண்ணை இன்னொரு தரம் படித்தார்.

லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "எல்லா வீட்டு கரண்டும் திரும்பிப் போற பொதுக் கம்பி, நியூட்ரல், விட்டுப்போச்சு. அப்படி விட்டா, அதிகமா இழுக்கிற பக்கம் மங்கும், கம்மியா இழுக்கிற பக்கம் எகிறும்."

"அப்ப இழுத்தது நாங்களா?" என்றாள் கீழ்வீட்டம்மா.

"ஏசி யாரு வீட்டுலம்மா ஓடுது?"

தெருவே சிரித்தது. கம்பியை இறுக்கியதும் வோல்டேஜ் இறங்கி, சிவப்பு விளக்கு அணைந்தது.

"சரி சரி, இருந்துக்கம்மா" என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

"திருடின்னு சொன்னப்ப கட்டடம் முழுக்கக் கேட்டுச்சே. இதையும் அதே சத்தத்துல சொல்லுங்கண்ணே."

சொன்னார்.

மேலே வந்து கதவைச் சாத்தினாள். மெஷின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்து மகளுக்கு போன் போட்டாள்.

"வீடு தேட வேணாம்டி. பல்பு மட்டும் ஒண்ணு வாங்கிட்டு வா."