நாகக் குளிசை

திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் சிங்க் என்ற உலோகத்தின் பெயர் நாகம். பாம்புக்கும் அதே பெயர்தான், ஆனால் வகுப்பில் அது இதுவரை யாரையும் கடித்ததில்லை. தமிழில் சொல் இருக்கும்போது ஆங்கிலம் எதற்கு என்று வீட்டிலும் நான் பிடிவாதக்காரி.

மூதூரில் இருக்கும் என் தம்பிக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. பிறப்புத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவன்று பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதம் போட வேண்டியவள் மாமியாகிய நான். அந்தச் சின்னப் பொன் பதக்கத்தை வாங்கி அலுமாரியில் வைத்து, அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை வேலையில் அகப்பட்டுக் கிடந்ததால் பிள்ளையைத்தான் இன்னும் பார்க்கவில்லை. கழிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது மூக்கடைப்பும் தும்மலுமாக எனக்குத் தடிமன் வந்து சேர்ந்தது.

தம்பி தொலைபேசியில் மெதுவாகத்தான் சொன்னான்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. தடிமனோட வர ஏலாது. பிள்ளை சின்னன்."

அவன் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன்.

தடிமன் தொடங்கிய உடனேயே நாகம் எடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் கெதியாக விடும் என்று வாசித்திருந்தேன். நிச்சயமில்லைதான், ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை. சீனன்குடாவில் வேலை செய்யும் கணவரைக் கூப்பிட்டேன்.

"வரேக்க பாமசியில நாகக் குளிசை வாங்கிக்கொண்டு வாங்கோ."

சொல்லிவிட்டுத் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திப் படுத்துவிட்டேன்.

நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் ஒப்புவிக்கும் மனிதர் அவர். பாமசியிலும் அப்படியே கேட்டிருக்கிறார்.

"மனுசிக்கு நாகக் குளிசை இருக்கோ?"

"நாகம் கடிச்சதுக்கோ? ஐயா, குளிசைக்கு நிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்று பதறினாளாம் அங்கு நின்ற பெண். சிக்கலை அவிழ்த்து, "சிங்க் எண்டு சொல்லியிருக்கலாமே" என்று அவள் சிரிப்பதற்குள், பின்னால் நின்ற, எங்களைத் தெரிந்த மூதூர்க்காரர் ஒருவர் வெளியே போய்த் தம்பிக்குச் செய்தி சொல்லிவிட்டார். அக்காவை நாகம் கடித்துவிட்டதாம்.

வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தத்தில்தான் விழித்தேன். தம்பி வெறுங்காலோடு ஓடி வந்தான். பின்னால் மச்சாள், அவள் கையில் துணியில் சுற்றிய பிள்ளை. துடக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது என்பதை அவளும் மறந்திருந்தாள். நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"உள்ளுக்கு வராதை. எனக்குத் தடிமன்."

"பாம்பு எங்க?" என்றான் அழுதபடி.

"எந்தப் பாம்பு?"

அந்த நேரம் பார்த்து, இடையில் சந்தைக்கும் போய்விட்டு, என் கணவர் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "நாகம் கிடைச்சிட்டுது."

தம்பி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தான். அப்படியே படியில் குந்தி, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர மூக்கைத் துடைத்தான். என்னை வராதே என்றவன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருக்கிறான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. மச்சாள் முற்றத்தில் தள்ளி நின்றே பிள்ளையின் முகத்தை எனக்குக் காட்டினாள். பிள்ளை வாயை முழுதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. என் மருமகளை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

அவர்கள் போனதும் முதல் குளிசையை வெறும் வயிற்றில் சூப்பினேன். தகரத்தை நக்கியது போல வாயெல்லாம் கைத்தது. வயிற்றையும் பிரட்டியது. கணவர் பெட்டியை வாசித்துவிட்டு, "சாப்பிட்டிட்டுப் போடட்டாம், டீச்சர்" என்றார்.

கழிவுக்கு முன்பே தடிமன் விட்டது. நாகத்தாலா, தானாகவா என்று தெரியாது. அதை நிரூபிக்க நாகம் எடுக்காத இன்னொரு நான் வேண்டும். எப்படியோ, பிள்ளையை மடியில் வைத்துப் பஞ்சாயுதத்தைப் போட்டேன்.

அப்போது அறை வாசலில் யாரோ தும்மினார்கள். தம்பி.

"தடிமன்காரருக்கு உள்ள வர ஏலாது" என்று மச்சாள் கதவைச் சாத்தினாள். அவன் சுற்றிப் போய் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். கைப்பையில் மிஞ்சிக் கிடந்த குளிசைகளைக் கம்பிக்கிடையால் நீட்டினேன்.

"என்னக்கா இது?"

சுற்றிவர இருந்த சனத்தை ஒருமுறை பார்த்தேன்.

"சிங்க்" என்றேன்.