சூட்டுக் காயம் பார்க்க வந்த அம்மாள்

யுத்த காலத்தில் மயிலாப்பூரில், கால்வாய் ஓரம் இருந்த எங்கள் குடிசை வரிசைக்குக் குழந்தைகள் கோர்ட்டிலிருந்து ஓர் அம்மாள் வருவார். வீட்டில் வதைபடும் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக அவருக்கு அதிகாரம் உண்டு. கதர்ப் புடவை, கறுப்புக் குடை. குழந்தைகளோடு நின்றபடி பேசமாட்டார், தரையில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியின் சின்னப் பெண்ணைப் பார்த்தார். வயிற்றில் பழைய தழும்புகளுக்கு நடுவே புதுக் காயம்.

“வலிப்பு வந்திச்சும்மா, அதான் சூடு போட்டேன். கோவத்துல இல்ல,” என்று அழுதாள் தாய்.

“பெத்தவம்மா. வைத்தியம்னு நெனச்சுப் பண்ணிட்டா, விட்டுடுங்க,” என்று நானும் பரிந்து பேசினேன்.

“இனிமே வலிப்பு வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறேன்னு சொல்லட்டும். இப்பவே கிளம்பிடறேன்,” என்றார் அம்மாள்.

சொல்லித் தொலையேன் என்று ஜாடை காட்டினேன். அவளுக்குப் பொய் வராது.

“அங்க போறதுக்குள்ள செத்துப்பூடுமே! வலிப்பு திரும்பி வந்தா திரும்பியும் போடுவேன். பாத்துக்கினு சும்மா இருப்பனா?”

அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“பாசத்துக்கா இந்தத் தண்டனை?” என்றேன்.

“பாசமில்லாதவளா இருந்தா என்னைக் கண்டு பயந்தாவது நிறுத்திடுவாளே!” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

தாய் வாசலில் விழுந்து கதறினாள். அம்மாளை வழிமறிக்கப் போன நான், குழந்தையின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வழி விட்டது சரிதானா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.