ரசம் உரித்த கண்ணாடி

கடைக் கதவில் தொங்கும் அட்டையை வெயிலக்கா திருப்பிப் போடுகிறார். ஒரு பக்கம் 'கடை திறந்திருக்கிறது'. மறுபக்கம், அவர் கையெழுத்திலேயே, 'மேலே வெயிலில் இருக்கிறேன்'. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைக்கிறார். சுவரோரம் போர்வை போர்த்தி நிற்கும் தொலைநோக்கிக் குழாயைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடிப் படிகளைக் கடகடவென்று ஏறுகிறார். மணி ஒன்று பத்து. மேகம் மூடியிருந்தாலும் ஏறுவார். "நடுவுல அஞ்சு நிமிஷம் வழி விட்டா போதும் சார். அந்த நேரம் பார்த்து நான் கீழ இருந்தா யாரு பாக்கறது?"

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. ஐம்பது வயது இருக்கும். முழங்கைவரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம். தெருவில் அவரைவிட மூத்தவர்கள்கூட வெயிலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அளந்து பேசும் மனிதர். "ஊருக்கெல்லாம் ஒரு சூரியன். எங்க வீட்டுக்கு மட்டும் அது சம்பந்தி மாதிரி. தினமும் போய் நலம் விசாரிக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மாமனார் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். வாங்கப் போன அன்று அந்த அட்டைதான் வரவேற்றது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்ற கோபத்தோடு மாடி ஏறினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "சரியான நேரத்துக்கு வந்தீங்க, இங்க வாங்க" என்று தோளைப் பிடித்துக் குழாய் முன்னால் நிறுத்தினார். பால் வெள்ளையாய் ஒரு வட்டம். அதன் நடுவே மை சிதறியதுபோல் ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள். பெரிய புள்ளியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு. "அந்தப் பெரிய புள்ளி இருக்கே, அதுக்குள்ள நம்ம பூமியைத் தூக்கிப் போட்டா காணாமப் போயிடும்" என்றார். என் கோபமும் அதில்தான் விழுந்திருக்க வேண்டும். மாமனார் படத்தை வாங்காமலே வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் குழாயின் கதை தனி. யாரோ தெரிந்தவர் வீட்டுப் பரணில் பத்து வருடம் கிடந்த தொலைநோக்கி அது. அடியில் இருக்கும் குழிக்கண்ணாடியின் ரசம் பூஞ்சை பிடித்துப் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தது. மறுபடி ரசம் பூச அனுப்பினால் புதுத் தொலைநோக்கியே வாங்கிவிடலாம் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். வெயிலக்கா அதை ஒரு வாரம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போய், மின்சுற்றுப் பலகையில் செம்பைக் கரைக்கும் பழுப்பு நிறத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த ரசத்தையும் கழுவிக் கரைத்துவிட்டார்.

"ரசம் போன கண்ணாடின்னு தூக்கிப் போடுவாங்க. நான் போகாத ரசத்தையும் உரிச்சேன்" என்று சொல்லும்போது அவர் கண்கள் மின்னுகின்றன. காரணம் எளிது. ராத்திரி நட்சத்திரத்துக்கு வெளிச்சம் போதாது, ரசம் வேண்டும். சூரியனுக்கோ வெளிச்சம் வேண்டாம் என்பதுதான் பிரச்சினை. வெறும் கண்ணாடி, நூறு பங்கு வெளிச்சத்தில் நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மற்றது அதை ஊடுருவிப் பின்பக்கம் போய்விடும். அது போக வழி வேண்டுமென்று குழாயின் அடித் தகட்டை வெட்டி எடுத்தார். கண்ணாடியின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். மேலே இருக்கும் சிறு கண்ணாடியின் ரசத்தையும் விடவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. அதற்கென்றே செய்த வடிப்பான் ஒன்றை மட்டும் நல்ல இடத்தில் சொல்லி வாங்கினார். முதல் நாள் காகிதத்தில் பிம்பத்தை விழவைத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் பழைய கைபேசியின் கேமராவை வைத்தார். மூன்றாம் நாள்தான் கண்ணை வைத்தார். "சிக்கனமெல்லாம் குழாய் வரைக்கும்தான் சார். கண்ணுக்கிட்ட சிக்கனம் பண்ணக் கூடாது."

குறி பார்க்கும் சின்னக் குழலை முதல் நாளே கழற்றி எறிந்தாயிற்று. மறதியாக அதில் யாராவது கண்ணை வைத்தால் தீர்ந்தது. அதற்குப் பதில் தரையில் விழும் நிழலைப் பார்த்துக் குழாயைத் திருப்புவார். நீளமான நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாக வந்து நின்றால் குழாய் சூரியனுக்கு நேராக நிற்கிறது என்று பொருள். மெல்ல நகர்த்த ஒரு திருகு, அது வீட்டுக்காரர் பட்டறையில் கடைந்து கொடுத்தது. "பிறந்த நாளுக்கு" என்றார் வெயிலக்கா, கொஞ்சம் வெட்கத்தோடு.

இந்த ஆர்வமெல்லாம் எந்த அளவுக்குப் போகும் என்பதைப் புதன் கோள் சூரியனைக் கடந்த அன்றுதான் பார்த்தேன்.

மாதக்கணக்கில் அதே பேச்சு. காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் புதன் சூரிய வட்டத்தின் விளிம்பைத் தொடும். முழுதாக உள்ளே நுழைய மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த மூன்று நிமிடத்தைப் பார்க்கத்தான் வெயிலக்கா இத்தனை நாளாகக் கண்ணாடியை உரித்துக்கொண்டிருந்தார். சென்ற முறை மழை. அடுத்த முறை எத்தனையோ வருடம் கழித்து. படம் வாங்க வந்தவர்களையெல்லாம் அழைத்திருந்தார். பத்து மணிக்கே மொட்டைமாடியில் நாற்பது பேர் நின்றார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெயிலக்காவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வரிசையைச் சரிசெய்தார், தண்ணீர் கொடுத்தார், நிழலைப் பார்த்தார், மறுபடி வரிசையைச் சரிசெய்தார்.

அதே கட்டடத்தின் முதல் மாடியில் பல் மருத்துவமனை. டாக்டரும் வந்திருந்தார், தன் சொந்தத் தொலைநோக்கியோடு. வெயிலக்காவுடையதைவிட இரண்டு மடங்கு பருமன், பளபளக்கும் வெள்ளைக் குழாய். நோயாளிகள் சிலர் மரியாதையோடு அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் குழாயைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, கண் வைக்கும் இடத்தில் பொத்தான் அளவு கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

மாடியின் மறுகோடியிலிருந்து வெயிலக்கா அதைப் பார்த்தார். வரிசையைப் பிளந்துகொண்டு ஓடி, குழாயின் வாய்க்கு முன்னால் தன் உடம்பையே குறுக்கே வைத்து நின்றார்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. நேரமாகிறது, நகருங்கள் என்றார். நகர மாட்டேன் என்றார் வெயிலக்கா. அந்தக் கண்ணாடியின் மேலேயே 'சூரியன்' என்று எழுதியிருக்கிறது, தொலைநோக்கியோடு சேர்ந்து வந்தது, தான் படிக்கத் தெரியாதவன் அல்ல என்றார் டாக்டர். நோயாளிகள் முன்னால் இப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்திருக்காது. வெயிலக்கா கையை நீட்டி, குழாயின் மூடியை எடுத்து மூடினார். பிறகுதான் அசைந்தார்.

"ஊர்ல எல்லார் பல்லையும் நீங்க பிடுங்குங்க டாக்டர். உங்க கண்ணைப் பிடுங்கிக்காதீங்க. வெளிச்சத்தை வாசல்லயே நிறுத்தணும். நடுவீடு வரைக்கும் விட்டுட்டு உள்கதவைச் சாத்தினா என்ன ஆகும்? இவ்வளவு பெரிய குழாய் சேர்க்கற சூடெல்லாம் இந்தப் பொத்தான் மேலதான் விழும். ஒரு நிமிஷம் தாங்கும். அப்புறம் வெடிக்கும். எங்க அண்ணன் கண்ணை வெச்சிருக்கும்போதுதான் வெடிச்சுது."

வெயிலக்கா தணிந்த குரலில் தொடர்ந்தார். அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. சூரிய கிரகணத்தன்று இரவல் வாங்கிய தொலைநோக்கி, இதே போன்ற கறுப்புக் கண்ணாடி. வலிக்கவே இல்லையாம். சாயங்காலம்தான் பார்வையின் நடுவில் ஒரு கறை தெரிந்தது. இன்றும் யாரோடு பேசினாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு முகம் இருக்காது.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு குழாயைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"எங்க எடுத்து வைக்கறீங்க?" என்றார் வெயிலக்கா. மணி பத்து பன்னிரண்டு. "நாப்பது பேருக்கு என் குழாய் ஒண்ணு போதுமா? இவ்வளவு பெரிய ஆளைச் சும்மா நிக்க வைக்கலாமா?" சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து காகித நாடா எடுத்துக் குழாயின் வாயைச் சுற்றி அளந்தார். தன் குழாயை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் படிகளில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

கடையில் அவர் கை வேலை செய்த வேகத்தை என்னால் எழுத முடியாது. சட்டத்துக்குப் பின்னால் வைக்கும் கெட்டி அட்டையில் இரண்டு வளையங்கள். குழாயின் வாய்க்கு வெளியே இறுக்கமாகப் பொருந்த ஒரு அட்டைப் பட்டை, அதற்கு உள்பக்கம் மெத்துத் துணி. இழுப்பறையின் அடியிலிருந்து வெள்ளிக் காகிதம் போன்ற சூரிய வடிப்பான் தாள் ஒன்றை எடுத்தார். கடைசித் தாள். தன் அடுத்த குழாய்க்கென்று எடுத்து வைத்திருந்தது. அதை வளையத்தின் மேல் மெதுவாக இறக்கினார். சுருக்கம் விழுந்தது. நான் நீவிவிடக் கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"இழுத்தா உருவம் கலங்கும். முப்பது வருஷமா சுருக்கம் இல்லாம ஒட்டிப் பழகின கை சார் இது. இதுக்கு மட்டும் தளரவிடணும்னு தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கமே வரல."

மாடிப்படியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. பத்து நிமிடம் இருக்கிறது என்றார். பிறகு ஐந்து. பசை காய வேண்டும். காற்றில் பறக்கும் மூடியைவிட ஆபத்து வேறில்லை என்று வெயிலக்கா சொன்னார், கைகளைப் பிசைந்துகொண்டே. காய்ந்ததும் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். ஊசி முனையளவு ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை. கறுப்பு மசியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் மேல் ஒரு புள்ளி வைத்தார். மறுபடி விளக்கில் பார்த்தார். இன்னொரு ஓட்டை.

"ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. வந்துடு" என்றது மேலிருந்து குரல்.

வெயிலக்கா தலையைத் தூக்கினார். ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டாவது புள்ளியை வைத்தார். அது உலரக் காத்திருந்தபோதுதான் மேலே நாற்பது பேரின் ஒரே குரல் கேட்டது. புதன் விளிம்பைத் தொட்டுவிட்டது.

வெயிலக்கா தாளைத் தட்டையாகப் பிடித்தபடி மூன்று மாடி ஏறினார். டாக்டரின் குழாயில் மூடியை மாட்டி, நாலு பக்கமும் நாடா ஒட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார். நிழலைப் பார்த்துத் திருப்பினார். முதலில் தான் ஒரு முறை கண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "இப்ப பாருங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பவரின் அதே கவனம். கடைசியில் அதே குரலில் சொன்னார்: "சின்னச் சொத்தை. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

வெயிலக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடியே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தன் குழாயிடம் ஓடினார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். வெள்ளை வட்டத்தின் ஓரத்தில், அச்சிட்ட முற்றுப்புள்ளி போல, ஒழுங்கான கறுப்பு உருண்டை. முழுதாக உள்ளே வந்திருந்தது. "வந்துட்டான், வந்துட்டான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நுழைந்ததைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று நான்தான் தாங்காமல் சொன்னேன்.

"வரும்போது பாக்கலன்னா என்ன, போகும்போது வழியனுப்பறேன். நாலரை மணி நேரம் இங்கதான இருக்கப் போறான்?"

சொன்னபடியே நின்றார். இரண்டு குழாய்க்கும் நடுவே ஓடிக்கொண்டே, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நின்றார். டாக்டர் பல்வலிக்காரர்களை மாடிக்கே வரவழைத்து முதலில் புதனைக் காட்டி, பிறகு கீழே அழைத்துப் போனார். மூன்று இருபதுக்குக் கறுப்புப் புள்ளி மறு விளிம்பை நெருங்கியது. இந்த முறை யாரும் வெயிலக்காவைக் கூப்பிடவில்லை, யாரும் இடத்தையும் கேட்கவில்லை. அவர் கண்ணை வைத்துக்கொண்டு நேரத்தைச் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் எழுதிக்கொண்டார். "தொட்டுட்டான்... பாதி... இன்னும் ஒரு துளி இருக்கு... போயிட்டான்." நிமிர்ந்தபோது கண்ணைச் சுற்றிக் குழாயின் வட்டம் பதிந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

கூட்டம் கலைந்தது. டாக்டர் தன் குழாயைச் சுமந்துகொண்டு இறங்கினார். அப்போதுதான் மருத்துவமனையைத் துடைத்துப் பெருக்கும் அம்மாள் படியேறி வந்தார். அன்று முழுக்க மாடிக்கு வந்து போனவர்களின் கால் மண்ணைத் துடைத்தவர் அவர். சின்ன உருவம். வாசலிலேயே நின்று, எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

"அவன்தான் போயிட்டான். சூரியன் எங்க போச்சு? வாங்க."

குழாய் மேசைமேல் உயரத்தில் இருந்தது. அந்த அம்மாள் எக்கிப் பார்த்தும் கண் எட்டவில்லை. பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். வெயிலக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். இருவருமாகக் குழாயைப் பலகையோடு தூக்கித் தரையில் இறக்கினார்கள். வெயிலக்கா அதைத் திருப்பி, சரிசெய்து, அந்த அம்மாளை உட்காரவைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறி, இரண்டு கைகளாலும் அகல விரித்து, அவர் பார்த்து முடிக்கும்வரை தலைக்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.