தூணை அறுத்த கான்ட்ராக்டர்

பொன்னேரியில் நாங்கள் வாங்கிய ஓட்டு வீட்டின் மேற்கே, மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை ஒன்று உண்டு. வெயிலில் உட்காரவே முடியாது. அதை வசதியான வரவேற்பறையாக மாற்ற ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தோம். அகலமான ஜன்னல் வைக்க, கூரையைத் தாங்கிய நடு மரத்தூணை எங்களைக் கேட்காமலே அறுத்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று மாலை என் கணவர் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஸ்டேஷன் மாற்ற எழுந்து உள்ளே வந்தார். மறுகணம் ஓடுகள் சரிந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி நொறுங்கியது.

கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நாற்காலிய அங்க போட்டுக்கினு என்னைக் குத்தம் சொல்றியே?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உட்காரத்தானேய்யா ரூம் கேட்டோம்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

இப்போதெல்லாம், எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் எந்தத் தூணிலும் யாரையும் ரம்பம் வைக்க விடுவதில்லை.