அம்மா கொண்டுபோன புண்ணியம்

கோயிலுக்குப் போனால் நேராக வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் ராஜபாளையத்து வீட்டில் மீறக்கூடாத சட்டம். வழியில் யார் வீட்டு வாசலையாவது மிதித்தால், கும்பிட்ட புண்ணியமெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடுமாம். அந்த மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக அம்மாவுக்கு அப்பா சம்மதம் கொடுத்ததே இந்தச் சட்டத்தை நம்பித்தான். அந்த ஊரில்தான் சித்தி இருந்தாள். சர்ச்சுக்குப் போகிற ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதால் குடும்பமே அவளைத் தலைமுழுகியிருந்தது. இரண்டு முறை கரு கலைந்து, மறுபடியும் மாசமாக இருக்கிறாள் என்று எங்கிருந்தோ அம்மா காதுக்குச் செய்தி வந்திருந்தது.

ஆண்டாள் சந்நிதியில் அம்மா வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தும் அசையவில்லை. மாலை சூடி ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. கோயிலுக்குள் சற்று உட்கார்ந்து எழுகிற வழக்கத்தையும் விட்டுவிட்டு வெளியே வந்தவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் வேறு தெருவில் திரும்பினாள். காகித நட்சத்திரம் தொங்கிய ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றபோதே அது சித்தி வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பகீரென்றது. சைக்கிள் வேண்டும் என்று அப்போதுதான் ஆண்டாளிடம் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

“அம்மா, உள்ள போனா புண்ணியமெல்லாம் இவிய வீட்டுக்குப் போயிரும்” என்றேன்.

“போகட்டும்டி. அதுக்குத்தான் வாரேன்” என்று சொல்லிவிட்டு அம்மா படியேறினாள்.

சித்தப்பா வந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார். சைக்கிளைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் நான் வாசலை மிதிக்காமல் தெருவிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கோயிலில் கொடுத்த துளசியைச் சித்தியின் கையில் வைத்துவிட்டுக் குங்குமத்தை எடுத்தாள். சித்தி தயங்கிச் சித்தப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் அம்மா உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். குங்குமம் நெற்றியில் பட்டதும் சித்தி அழுதாள். அம்மா அழவில்லை. குழந்தை பிறக்கும்போது தானே வந்து கூட இருப்பதாகவும், யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளை நினைத்து வருத்தமாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து, பட்டினி கிடந்து, அவ்வளவு நேரம் நின்று வாங்கிய புண்ணியத்தில் ஒரு துளிகூட இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறாளே, அதுகூடவா இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.